படிக்கத் தெரியாத காகிதத்தில் ஒரு கையெழுத்து

தினமும் காலையில் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நான்கைந்து பேர் நடக்கிறோம். எல்லாரும் பென்ஷன்காரர்கள். நடப்பது அரை மணி நேரம், உட்கார்ந்து பேசுவது ஒரு மணி நேரம். போன வாரம் யாரோ ஒரு பெரிய அதிகாரி மாட்டிக்கொண்ட செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், "இதெல்லாம் நம்மூருக்குப் புதுசுங்களா? இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே கோயமுத்தூர் கஜானாவிலேயே நடந்ததுதானுங்க" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னது காசிச் செட்டி கதை. காரோ என்ற வெள்ளைக்காரர் இங்கே கலெக்டராக இருந்த காலம். கஜானாப் பொறுப்பில் இருந்தவர் காசிச் செட்டி. கலெக்டர் பெயருக்குத்தான் கலெக்டர், ஜில்லாவை ஆண்டது செட்டிதான் என்று சொல்லும் அளவுக்கு அவர் கை ஓங்கியிருந்தது. சர்க்கார் பணத்தில் கை வைத்தார் என்று புகார் கிளம்பி, பெரிய விசாரணை வந்தது. விசாரித்தவர்கள் யார் தெரியுமா? பின்னாளில் சென்னைக்குக் கவர்னராக வந்த தாமஸ் மன்றோவும், ஊட்டியை உண்டாக்கிய நம் ஜான் சலிவனும்.

கதை முடிந்ததும் நண்பர் என்னைப் பார்த்து, "உங்க பாண்டிச்சேரியில இப்படி ஒண்ணும் கிடையாதுங்களா?" என்று கேட்டார். "இருக்கிறது, இதற்கும் நூறு வருஷம் முந்தியது" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடிக்க முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். அதோடு, பெஞ்சில் வைத்துச் சொல்ல முடியாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

என் பூர்வீகம் புதுச்சேரி என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் என் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதி. கொடி மாறினாலும் எங்கள் பள்ளியில் பாடமொழி மாறவில்லை. கணக்கும் பிரெஞ்சில், பூகோளமும் பிரெஞ்சில், சரித்திரமும் பிரெஞ்சில். வீட்டில் அம்மா கம்பங்கூழ் கரைத்துக் கொடுப்பார். வகுப்பில் நான் பிரெஞ்சு ராஜாக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பேன்.

அந்தச் சரித்திர வகுப்பில் இரண்டு பேர் கதை என் மனதில் பதிந்தது. ஒருவர் துலூஸ் நகரத்து வியாபாரி ழான் கலாஸ். பெற்ற மகனையே கொன்றார் என்று பொய்யாகக் குற்றம் சாட்டி 1762ல் அவரைக் கொன்றார்கள். வோல்த்தேர் விடாமல் எழுதி, 1765ல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. இன்னொருவர் கேப்டன் த்ரேஃபுஸ். தேசத்துரோகி என்று 1895ல் எல்லார் முன்னாலும் பட்டையைப் பிய்த்து, வாளை ஒடித்து அவமானப்படுத்தினார்கள். 1906ல் அவர் மேல் தவறில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். "தவறு செய்வது மனித இயல்பு, அதைத் திருத்திக்கொள்வது பிரான்சின் பெருமை" என்ற ரீதியில் ஆசிரியர் சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம்.

ஆனால் கலாஸுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னால், எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே அதே மாதிரி ஒன்று நடந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதர் பெயரில் ஊரில் ஒரு வீதியே இருந்தது. நைனியப்ப பிள்ளை வீதி. யார் அந்த நைனியப்ப பிள்ளை என்று நான் கேட்டதும் இல்லை. வேலைக்கு வந்து, கோவைக்கு மாற்றலாகி, தலை நரைத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நைனியப்ப பிள்ளை சென்னைப் பக்கத்திலிருந்து இளம் வயதில் புதுச்சேரிக்கு வந்தவர். புதுச்சேரி அப்போது முளைத்துக்கொண்டிருந்த ஊர். 1674ல் பிரான்சுவா மர்த்தேன் வந்து காலூன்றி, 1706 கடைசியில் இறக்கும்வரை அதைக் கட்டி வளர்த்தார். பிரெஞ்சுக் கம்பெனிக்கு வேண்டியது துணி. துணி கிராமத்தில் நெசவாளியிடம் இருக்கிறது. பணம் கோட்டைக்குள் வெள்ளைக்காரரிடம் இருக்கிறது. வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நெசவாளிக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. இவ்விருவருக்கும் நடுவில் நின்று, முன்பணம் கொடுத்து, சரக்கு வரவழைத்து, உள்நாட்டு வியாபாரிகளையும் சிற்றரசர்களையும் சமாளித்து, கப்பல் புறப்படுமுன் கட்டுகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆள் வேண்டும். அவர்தான் தலைமைத் தரகர். பிரெஞ்சில் 'கூர்த்தியே'. நம் ஜனங்கள் வழக்கில் துபாஷி.

சம்பள உத்தியோகம் போல இதை நினைக்காதீர்கள். ஊர்த் தமிழர் எல்லாருக்கும் அவர்தான் தலைவர். வழக்கு என்றால் அவரிடம், கடன் என்றால் அவரிடம், கோட்டைக்கு மனு என்றால் அவர் மூலம். கவர்னர் மாறிக்கொண்டே இருப்பார். துபாஷி இருப்பார். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். டைரக்டர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், போவார். ஹெட் கிளார்க்கைக் கேட்காமல் ஃபைல் நகராது.

1708ல் ஹெபேர் என்பவர் கவர்னராக வந்தார். அதே வருடம் நைனியப்ப பிள்ளையைத் தலைமைத் தரகராக நியமித்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்கிவிட்டவரும் இவர்தான், பின்னால் கீழே தள்ளியவரும் இவர்தான்.

பிள்ளை திறமைசாலி. வியாபாரம் தழைத்தது. சிக்கல் வேறு பக்கத்தில் இருந்து வந்தது. அதுவரை அந்தப் பதவி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் இருந்தது. ஜேசு சபைப் பாதிரிமார்களுக்கு, ஊர்த் தமிழர் தலைவராக ஒரு இந்து இருப்பது பிடிக்கவில்லை. பாரிசுக்கு எழுதினார்கள். கிறிஸ்தவர் ஒருவரைத்தான் வைக்க வேண்டும் என்று அங்கிருந்தும் கட்டளை வந்தது. ஆனால் கம்பெனி அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள். இவரை எடுத்துவிட்டால் சரக்கு யார் தருவார்? கூட ஒரு கிறிஸ்தவரைத் துணைக்கு வைத்துச் சமாளித்துப் பார்த்தார்கள்.

பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. ஏழைக் கிறிஸ்தவர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, ஜெபமாலைகளைத் தானமாகக் கொடுத்தார். நல்லெண்ணமாகவும் இருக்கலாம், அரசியலாகவும் இருக்கலாம். இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். பாதிரிமார்களுக்கு அது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது போல ஆயிற்று.

1713ல் ஹெபேர் பதவி இழந்தார். அடுத்து வந்தவர் துலிவியே. 1715ல் இந்துக்களின் வழிபாட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் போட்டார்கள். நெசவாளர்களும் கூலிக்காரர்களும் வியாபாரிகளும் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விடுவோம் என்று கிளம்பினார்கள். அந்தக் காலத்தில் நம் ஜனங்களின் ஸ்டிரைக் அதுதான். கத்தி எடுக்க மாட்டார்கள், மூட்டையைக் கட்டுவார்கள். ஆளில்லாத ஊரில் கம்பெனி என்ன வியாபாரம் செய்யும்? கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஆனால், 'இதைத் தூண்டிவிட்டவர் யார்?' என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

அதே 1715ல் ஹெபேர் மறுபடியும் அதிகாரத்தோடு திரும்பி வந்தார். ஒருமுறை பதவி போன மனிதர். இந்தத் தடவை ஜேசு சபையின் ஆதரவு இல்லாமல் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியும். 1716 பிப்ரவரியில் நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டார். அவரோடு அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் வியாபாரக் கூட்டாளி ராமநாதனும் சிறைக்குப் போனார்கள். குற்றச்சாட்டு இரண்டு: அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி ஜனங்களைக் கொடுமைப்படுத்தினார், கலகத்தைத் தூண்டினார்.

விசாரணை நடந்த விதத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்குக் கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரரும் நம்மவரும் பேசிக்கொண்ட பொது மொழி போர்த்துகீசு. பிள்ளைக்கு அது நன்றாக வரும். வருஷக்கணக்கில் வெள்ளைக்காரர்களோடு அதில்தான் காரியம் பார்த்தார். ஆனால் விசாரணையில் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தார்கள். அவர் பெயர் மானுவேல். ஜேசு சபையின் தலைமை உபதேசியாருடைய மகன். சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது அவர் வாய் வழியாகப் பிரெஞ்சாக மாறிக் காகிதத்தில் ஏறியது. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் பின்னால் மேல்முறையீட்டில் எழுந்த பெரிய புகார்களில் ஒன்று.

1716 ஜூன் மாதம் தீர்ப்பு. ஊர் நடுவே கடைத்தெருவில் வைத்து 50 சவுக்கடி. மூன்று வருடச் சிறை. 8,888 வராகன் அபராதம். சொத்து பறிமுதல். சிறை முடிந்ததும் மகன்களோடு ஊரை விட்டு வெளியேற்றம். எட்டு வருடம் ஊருக்கே தலைவராக நடந்த அதே தெருவில் அந்த மனிதர் சவுக்கடி வாங்கினார். அடுத்த வருடம், 1717ல், சிறையிலேயே இறந்து போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பெஞ்சில் சொல்ல முடியாத விஷயம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

1976. கோவையில் ஓர் அலுவலகத்தில் நான் கிளார்க். பெயர் வேண்டாம். அங்கே ரெக்கார்டு ரூமில் ஓர் அட்டெண்டர் இருந்தார். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். சூலூர்ப் பக்கம் கிராமம். தமிழில் கையெழுத்துப் போடுவார், தட்டுத் தடுமாறித் தினசரி படிப்பார். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது.

ரெக்கார்டு ரூமில் கையால் சுற்றுகிற பழைய கணக்கு மெஷின் ஒன்று இருந்தது. வருடாந்திரச் சரக்குச் சரிபார்ப்பில் அதைக் காணவில்லை. விசாரணை வந்தது. விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. எனக்குப் பிரெஞ்சு வழிப் படிப்பு ஆனாலும், வேலைக்கு வந்த பிறகு வெறியோடு இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருந்தேன். டிராஃப்ட் நன்றாக எழுதுவேன் என்று பெயர். அதனால் வாக்குமூலம் எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார் அதிகாரி. அண்ணன் சொன்னார்: "சாவி ஆணியில தொங்குமுங்க. வர்றவங்க எடுப்பாங்க, வெப்பாங்க. சாயங்காலம் நான் பாத்துப் பூட்டிட்டுப் போவனுங்க."

நான் அதை அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, சுருக்கமாக ஒரு வாக்கியம் டிக்டேட் செய்தார். அதன் அர்த்தம் இதுதான்: 'ரெக்கார்டு ரூம் சாவி என் பொறுப்பில் இருந்தது.' ஆணியும் இல்லை, வர்றவங்களும் இல்லை. பூட்டிவிட்டுப் போவதாக அண்ணன் சொன்னது மட்டும் மிஞ்சி, சாவிப் பொறுப்பாக மாறியிருந்தது. எனக்குத் தெரிந்தது. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதினேன். எனக்கு அப்போது புரொபேஷன் முடிந்து சில வருடம்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை. அந்த அதிகாரிதான் என் ரகசியக் குறிப்பேட்டையும் எழுதுபவர்.

வாக்குமூலத்தின் அடியில் வழக்கமாக ஒரு வரி உண்டு. 'இது படித்துக் காட்டப்பட்டது, தமிழில் விளக்கப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்.' அந்த வரியையும் நானே எழுதினேன். படித்தும் காட்டவில்லை, விளக்கவும் இல்லை. காகிதத்தை அண்ணன் பக்கம் தள்ளினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க எழுதுனா செரியாத்தானுங்க சார் இருக்கும்." தமிழில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதி, தேதியும் போட்டார்.

மெஷின் விலையைச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தார்கள். ஒரு இன்கிரிமெண்ட் நின்றது. ரெக்கார்டு கிளார்க்காகப் போக வேண்டிய முறை அவரைத் தாண்டிப் போனது. சவுக்கடி இல்லை, சிறை இல்லை. ஆனாலும் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு அது சின்ன அடி இல்லை. அவர் திருடவில்லை என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஃபைலுக்கு மட்டும் தெரியாது.

நைனியப்ப பிள்ளை கதையை முதன்முதலில் படித்தபோது, ஹெபேரையோ பாதிரிமார்களையோ நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. என் கண் போய் நின்றது அந்த மொழிபெயர்ப்பாளர் மானுவேல் மேல்தான். அவர் பொய் சொன்னாரா, பயந்தாரா, தன் ஆட்களுக்காக வளைத்தாரா, யார் அறிவார்? இரண்டு மொழிக்கு நடுவில் உட்கார்ந்தவனுக்கு வாக்கியத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆணியை விட்டுவிட்டால் போதும்.

சரி, கதைக்குத் திரும்புவோம். பிள்ளை இறந்ததோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், அவருக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவப் பாதிரிமார்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஜேசு சபையோடு ஒத்துப்போகாத பாரிஸ் வெளிநாட்டு மிஷன் பாதிரிமார்களும், கப்புச்சின் சபையாரும் பிள்ளை பக்கம் நின்றார்கள். அப்போது இந்திய வியாபாரத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சேன் மாலோ துறைமுகத்து வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளை இல்லாமல் அவர்களுக்கும் நஷ்டம். இந்து ஒருவருக்காகப் பாதிரிமார் சிலர் எழுதுகிறார்கள், வேறு பாதிரிமார் எதிர்க்கிறார்கள். இதை வெறும் மதச் சண்டை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைனியப்ப பிள்ளை ஒரு மகான் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு அதிகாரம் கையில் இருந்தவர் யாரையும் நெருக்கியிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கேள்வி அதுவல்ல. குற்றம் செய்தாரா என்று கண்டுபிடிப்பதற்காக அந்த விசாரணை நடக்கவில்லை. தீர்ப்பு முதலில் வந்துவிட்டது, சாட்சியம் பின்னால் எழுதப்பட்டது. எத்தனையோ இலாகா விசாரணைகளைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த வாசனை எனக்குத் தெரியும்.

பிள்ளையின் மூத்த மகன் குருவப்ப பிள்ளை. இவர் சென்னைக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து வழியாகப் பிரான்சுக்கே போய்ச் சேர்ந்தார். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழ் வாலிபர் கடல் தாண்டுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அப்போது பதினான்காம் லூயி இறந்து, சிறுவனான அடுத்த ராஜாவுக்குப் பதிலாக ஒர்லேயான் கோமகன் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். தகப்பனார் மேல் போட்ட தீர்ப்பு ரத்தானது, பறித்த சொத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஹெபேருக்குப் பதவி போய், தலை குனிந்து பிரான்சுக்குத் திரும்ப நேர்ந்தது.

பாரிஸில் குருவப்ப பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தகப்பனாக நின்றவர் ஆட்சி நடத்திய அந்தக் கோமகனே. ஷார்ல் பிலிப் லூயி என்று பெயர் வைத்தார்கள். 1721ல் சேன் மிஷேல் என்ற விருதின் ஷெவாலியே பட்டமும் கிடைத்தது. ஊருக்குத் திரும்பி, தகப்பனார் இருந்த அதே தலைமைத் தரகர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதம் மாற மறுத்த தகப்பனின் மானத்தை மீட்டுவிட்டு, மகன் மதம் மாறினார். அது விசுவாசமா, நன்றியா, காரியமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எனக்குத் தோன்றுவது ஒன்று. அவர்களுடைய காகிதம் எங்கே தயாராகிறதோ, அந்த இடத்துக்கே போய், அவர்கள் பாஷையில், அவர்கள் பெயரில் நின்றுதான் அவரால் பேச முடிந்தது. அந்தச் சுகமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1724ல் இறந்துவிட்டார். பதவி மறுபடி கிறிஸ்தவக் குடும்பத்துக்கே போய், கனகராய முதலியார் 1746ல் தாம் இறக்கும்வரை அதில் இருந்தார்.

இந்தக் கதையில் இன்னொரு பையன் இருக்கிறான். சிறைக்குப் போன மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன். 1709ல் பிறந்தவன். நைனியப்ப மாமா சவுக்கடி வாங்கிய வருடம் அவனுக்கு ஏழு வயது. அவன்தான் பின்னாளில் துய்ப்ளேக்ஸுக்கு வலது கையாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. கனகராய முதலியாருக்குப் பிறகு அந்தப் பதவி அவருக்கு வந்தது. 1736 செப்டம்பரில் ஆரம்பித்து, 1761 ஜனவரியில் தாம் கண்ணை மூடும் மாதம் வரை, சுமார் இருபத்தைந்து வருடம் தினசரிக் குறிப்பு எழுதினார். அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கையில் விழுந்தது.

அவர் ஏன் அப்படி விடாமல் எழுதினார் என்று அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். ஒரு கிளார்க்கின் யூகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமாவைக் கவிழ்த்தது ஒரு காகிதம். அது அவர் பாஷையில் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த பையன், யார் வந்தார், யார் என்ன சொன்னார், எந்த மணிக்கு, எத்தனை வராகன் என்று எல்லாவற்றையும் தன் பாஷையில் தானே எழுதி வைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வான்? இது என் யூகம்தான். ஆனால் ரங்கப் பிள்ளை வீதியில் அந்தப் பழைய மாளிகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் தோன்றும்.

நைனியப்ப பிள்ளை வழக்கின் காகிதங்கள் பிரான்சில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. டானா அக்மோன் என்ற வரலாற்றாசிரியை அவற்றைத் தோண்டியெடுத்து, 2017ல் இந்த வழக்கைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு ஃபைல் முந்நூறு வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. எங்கள் அண்ணனுடைய ஃபைலைப் பத்து வருடத்திலேயே விதிப்படி அழித்திருப்பார்கள். அந்த அழிப்புப் பட்டியலைக்கூட நானே டைப் அடித்திருக்கலாம்.

அண்ணனுக்குக் கப்பலேறிப் போக ஒரு குருவப்ப பிள்ளை இல்லை. அவருக்கு இரண்டும் பெண்கள். அப்பீல் போடலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "அதெதுக்குங்க சார், இன்னும் கெட்ட பேரு" என்றுவிட்டார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால், அந்த வாக்குமூலத்தை எழுதியவன் யார் என்ற கேள்வி வந்திருக்கும்.

அவர் ஓய்வு பெறும் வருடம், பென்ஷன் பாரங்களை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்குத்தான் வந்தார். ஆபீஸில் எழுதக்கூடியவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். "நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார்" என்றார். எழுதினேன். எழுதி முடித்து, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொன்னேன். நாமினேஷன் என்றால் என்ன, இந்தக் கட்டத்தில் ஏன் கோடு போட்டிருக்கிறது, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே, "எதுக்குங்க சார் இத்தனையும் படிக்கறீங்க? கையெழுத்து எங்கீங்க போடோணும்?" என்றார்.

இடத்தைக் காட்டினேன். போட்டார். 1976 பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அடுத்த முறை புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையையும் ஆசிரமத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், நைனியப்ப பிள்ளை வீதி வழியாகவும் ஒருமுறை நடந்து வாருங்கள். பெயர்ப் பலகையைத் தவிர பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தப் பெயர் யாருடையது என்று இனி உங்களுக்குத் தெரியும்.